காலமை மாடு கத்தினா உடனே ஊசி போடலாமா?

தம்பலகாமத்தில மாமாட்ட ரெண்டு பசு நிக்குது. ஒண்டு விடியக்காலமே சினைக்குக் கத்தத் தொடங்கி, பின்னால கண்ணாடி மாதிரி வழும்பும் தொங்க, மனுசன் தேத்தண்ணி கூட குடிக்காம சினை ஊசி, அதாவது காளையிட விந்தை உள்ள விடுற ஊசி, போடுற தம்பிக்கு கோல் எடுத்து எட்டு மணிக்குள்ள போட்டு முடிச்சாச்சு. மூண்டு கிழமையால திரும்பவும் கத்துது. ஊசி மருந்து சரியில்லை எண்டுறார் மாமா. எனக்கென்னவோ நேரந்தான் பிழைச்சிருக்கு.

விந்தணு உள்ள போன உடனே முட்டையோட சேந்திரும் எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை, ஏஎல் பயோ படிக்கிற பிள்ளைகளும் இதைத்தான் எழுதிட்டு வருதுகள். மைக்ரோஸ்கோப்புல பாத்தா துடிச்சு நீந்தும்தான், ஆனா நீந்துறது வேற, கருக்கட்டுற பக்குவம் வேற. இத 1951ல அமெரிக்காவில சாங், அவுஸ்திரேலியாவில ஒஸ்டின் எண்டு ரெண்டு பேர் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. பெண்ணுடம்புக்குள்ள சில மணித்தியாலம் கிடக்கோணும். அப்பதான் விந்தணுவிட மேல்சவ்வில இருக்கிற கொலஸ்ட்ரோல் கழரும், கல்சியம் உள்ள போகும், நேரா நீந்தினது வால சாட்டை மாதிரி வீசி அடிக்கத் தொடங்கும். அந்த அடியிலதான் பசுவிட கருக்குழாய்ச் சுவரில ஒட்டிக் கிடந்தது விடுபட்டு வரும், முட்டையிட உறையையும் துளைக்கும். இதுக்குப் பேர் கெப்பாசிடேசன்.

சரி, அப்ப வெள்ளனப் போட்டா பக்குவமாகி காத்துக்கொண்டு இருக்கும்தானே எண்டு மாமா கேட்டார். நல்ல கேள்வி. ஆனா பக்குவமான விந்தணு கனநேரம் தாங்காது. பசுவுக்கு முட்டை வெளிய வாறதே கத்தத் தொடங்கி 24 இலிருந்து 30 மணித்தியாலத்துக்குப் பிறகு. அதோட ஊசியில வாறது மைனஸ் 196 பாகையில உறைஞ்சு கிடந்தது, உறைஞ்சு உருகின அடியிலயே பாதிப் பக்குவம் வந்திரும், அதால ஆயுசு இன்னும் குறைவு. அதுக்குத்தான் காலமை கண்டா பின்னேரம், பின்னேரம் கண்டா மற்ற நாள் காலமை எண்டு சொல்லுறது.

இன்னொண்டு, உறைஞ்ச விந்து அடைச்சு வாற சின்னக் குழாய், அந்த ஸ்ட்ரோவ கைக்குள்ள பொத்தி உருக்கிறது, சட்டைப் பொக்கற்றில வைக்கிறது. இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். 35, 37 பாகைச் சுடுதண்ணியில அரை நிமிசம் போல போதும், தேமாமீற்றர் வச்சுப் பாருங்க, விரல் விட்டுப் பாக்காதீங்க. உருகினதுக்குப் பிறகு வேலியடியில நிண்டு ஊர்க்கதை கதைக்கிறதும் வேண்டாம், மாட்டக் கட்டி ஆயத்தமாக்கிட்டு உருக்குங்க.