விடுமுறைக்கு ஒண்டே-ஒண்டேயும் வண்ண அரிசிக் கோலமும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், பக்கத்துக் கடைச் சாமான்களே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

முதலில் கோலத்துக்கு அரிசி. ஒரு கப் பச்சரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், சில சொட்டு உணவுச் சாயம். மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் தாளில் பரப்பிவிடுங்கள்.

அது காய்வதற்குள் ஒண்டே-ஒண்டே, அதாவது உள்ளே வெல்லம் வைத்த மலாய் உருண்டைப் பலகாரம். 200 கிராம் தெப்போங் பூலுட்டில் (பசையரிசி மாவு) பாண்டான் இலைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். சுமார் 150 மில்லி பிடிக்கும், விரிசல் விடாமல் உருட்ட வந்தால் சரி. குலா மலாக்காவை (தென்னை வெல்லம்) பொடியாக நறுக்குவதுதான் முக்கியம், பெரிய துண்டு உள்ளே கரையாது. அதை நடுவில் வைத்து நெல்லிக்காய் அளவு உருட்டுவது பிள்ளைகள் வேலை. கொதிநீரில் போடுவது உங்கள் வேலை. மிதந்ததும் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, உப்புப் போட்டு ஆவியில் வைத்த தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். உள்ளே பாகு கொதிக்கக் கொதிக்க இருக்கும். நன்றாக ஆறட்டும், சின்னவர்களுக்கு நறுக்கியே கொடுங்கள்.

அரிசி காய்ந்திருக்கும். அட்டையில் மயில் வரைந்து, பசை தடவித் தூவலாம். மீந்த அரிசியை டப்பாவில் வையுங்கள், தீபாவளிக்கு ஆகும்.