டேப் தட்டினால் ஷெல் திகைத்து நிற்கிறதா?

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்; பாதி தட்டிய சொல்லை டேப் விசை நிரப்பித் தரும். அந்த விசையைத் தட்டிவிட்டுக் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. சிலர் உடனே லினக்ஸில் வழக்கமான பாஷ் ஷெல்லை விட்டு வேறு ஷெல்லுக்கு ஓடுகிறார்கள்; அவசரம் வேண்டாம். தாமதம் வரியின் முதல் சொல்லிலா, அடுத்த சொற்களிலா என்று முதலில் பாருங்கள்.

முதல் சொல் என்றால், பாஷ், கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைப் பட்டியலிடும் உங்கள் பாத் மாறியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் துழாவுகிறது. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு வம்பு பெரும்பாலும் இங்கேதான். விண்டோஸின் பாத் முழுவதும் லினக்ஸ் பாத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸின் சி டிரைவைப் படிப்பதோ ஆமை வேகம். எக்கோ கட்டளையால் பாத்தைத் திரையில் காட்டிப் பாருங்கள். விண்டோஸ் டிரைவுகள் இருக்கும் எம்என்டி கோப்புறையில் தொடங்கும் பாதைகள் வரிசைகட்டினால், ஈடிசி கோப்புறையிலுள்ள டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து, இன்டராப் பகுதியில் அப்பெண்ட்விண்டோஸ்பாத் மதிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். கோப்பு இல்லையென்றால் உருவாக்குங்கள். பிறகு விண்டோஸ் பக்கமிருந்து டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்ய வேண்டும். சாளரத்தை மூடித் திறந்தால் போதாது. இதன்பின் விஎஸ் கோட் எடிட்டர், ஷெல்லில் பெயரைத் தட்டினால் திறக்காது. அதன் கோப்புறையை மட்டும் பாத்தில் திரும்பச் சேருங்கள்.

அடுத்த சொற்களில் தாமதமா? ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் திரையில் காட்டும் செட் மைனஸ் எக்ஸ் கொடுத்து டேப் தட்டுங்கள். திரையில் கொட்டும் வரிகள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் குற்றவாளி. செட் பிளஸ் எக்ஸ் அதை நிறுத்தும். மூலநிரலிலிருந்து நிரல்களைக் கட்டும் மேக் கட்டளையில் இது அடிக்கடி நடக்கும்: அது கட்டக்கூடிய இலக்குகளின் பெயரைத் திரட்ட, டேப்புக்கான நிரப்பு நிரல் மேக்கையே ஓட்டிப் பார்க்கிறது. பெரிய திட்டங்களில் நான், பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் 'கம்ப்ளீட் மைனஸ் எஃப் மேக்' என்று எழுதி, வெறும் கோப்புப் பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.