ஏரிச் சேற்றில் கடலடி நுண்ணுயிர் உலகைக் காணும் முறை

கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் இன்றி நடக்கும் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளச் சேலத்து மாணவர்கள் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி வகுத்த முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ, பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறை அணிந்து, கரையோரத்துக் கறுப்புச் சேற்றையும் சிறிது ஏரி நீரையும் எடுத்து வாருங்கள். கல்லும் குச்சியும் நீக்கிய சேற்றில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து, பொடியாகக் கிழித்த செய்தித்தாளையும், நிலக்கடலைப் பயிருக்கு இடும் ஜிப்சத்தில் ஒரு தேக்கரண்டியையும் கலக்க வேண்டும்.

ஜிப்சத்தை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் இச்சோதனையின் உயிர்நாடியே அதுதான். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உள்ளது. கடலடிப் பாக்டீரியாக்கள் பல ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்தச் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. நன்னீர் ஏரிகளில் பொதுவாகச் சல்பேட் மிகக் குறைவு என்பதால், கால்சியம் சல்பேட்டான ஜிப்சத்தின் வழியே அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

இக்கலவையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பியின் அடியில் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி, மேலே மீதிச் சேற்றையும் இரண்டு விரற்கடை நீரையும் சேர்த்து, வாயு வெளியேறும்படி தளர்வாக மூடுங்கள். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் நல்லது. சேலத்துக் கோடை வெயில் குப்பியைச் சூடாக்கிவிடும்.

சில வாரங்களில் அடிச்சேறு இரும்பு சல்பைடால் கறுக்கும். அதற்கு மேலே, ஹைட்ரஜன் சல்பைடையும் ஒளியையும் பயன்படுத்தும் பச்சை, ஊதா நிறப் பாக்டீரியாக்கள் திட்டுத்திட்டாகத் தோன்றும். ஒளியின் பங்கை அறிய, இன்னொரு குப்பியைக் கறுப்புத்தாள் சுற்றி அருகில் வைத்து ஒப்பிடுங்கள். நாற்றம் கடுமையாக இருக்குமாதலால், குப்பியை வெளியில் வைத்தே திறக்க வேண்டும்.