சிறு அறுவை சிகிச்சைக்குப் பின் குறுஞ்செய்தி வழியாக நோயாளியைக் கண்காணிப்பது எப்படி?

கட்டி அகற்றுதல், மூல நோய் சிகிச்சை போன்ற சிறு அறுவை சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்பும் நோயாளியைக் குறுஞ்செய்தி மூலம் கண்காணிக்க விரும்பும் மருத்துவமனை, என்ன அனுப்புவது என்று யோசிக்கும் முன்பே, வரும் பதிலை யார் எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். யாரும் பார்க்காத எண்ணுக்குப் பதில் அனுப்பச் சொல்வது, கேட்காமலே இருப்பதைவிட ஆபத்தானது. தகவல் சொல்லியாயிற்று என்று நம்பி நோயாளி வீட்டிலேயே காத்திருந்துவிடுவார்.

சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகு, நோயாளி கிளம்பும் முன்பே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அவரையே பதிலளிக்கச் செய்யுங்கள். தவறான எண்ணும், எழுத்து தெரியாத திரையும் அப்போதே தெரிந்துவிடும். கைபேசி வீட்டில் பலர் கையில் புழங்கும் என்பதால், செய்தியில் சிகிச்சையின் பெயரோ உடலுறுப்போ இடம்பெறக் கூடாது.

மறுநாள் வலியையும் ரத்தக்கசிவையும் பற்றிக் கேட்கலாம். காயத்தில் கிருமித்தொற்று பெரும்பாலும் சில நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் கேட்பதே முக்கியம்.

செய்தியின் நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் 70 குறியீடுகள்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரியும் ‘வீக்கம்’ ஏழு குறியீடுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ‘காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் உண்டா? 1 ஆம், 2 இல்லை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. ‘1’ என்று வந்தால் மூன்றில் எது என்பதைச் செவிலியர் உடனே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

பதிலே அனுப்பாத நோயாளியை நலமாக இருப்பவர் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று மாலைக்குள் அவரை அழைத்துப் பேசுங்கள். தட்டச்சு செய்ய இயலாத முதியவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அழைப்புதான் ஏற்றது.

அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலுமான காய்ச்சல் ஆகியவற்றுக்குக் குறுஞ்செய்தியை நம்பாமல் நேரில் வர வேண்டும் என்பதை வாய்மொழியாகவும் காகிதத்திலும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிலையும் அழைப்பையும் நோயாளியின் பதிவேட்டில் நேரத்துடன் குறித்து வையுங்கள். தையல் பிரிக்கும் நாளை நினைவூட்டும் செய்தி மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில் போகக் கூடாது: முகத்தில் போட்ட தையலை ஏறத்தாழ 5 நாளில் பிரிக்கலாம், கை கால்களில் 10 முதல் 14 நாள் வரை ஆகும்.