வீட்டில் திருட்டு, கிளெய்மை மறுத்த இன்சூரன்ஸ் கம்பெனி: முதல்முறை போராடுபவர்களுக்கு

போன வருடம் தைப்பூசத்துக்கு எல்லாரும் பழனிக்குப் போயிருந்த இரவில், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் என் அத்தை வீட்டில் நகை திருட்டுப் போனது. காலையில் வந்து பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனதுமே, ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்கதவின் உடைந்த தாழ்ப்பாளை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அதே வீட்டில்தானே படுக்க வேண்டும்! ஆனால் அந்தத் தாழ்ப்பாளை வைத்துத்தான் கம்பெனி கிளெய்மை மறுத்தது. "பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லை" என்று ஒரு வரிக் கடிதம். அதிலிருந்து மீண்டு வந்த வழியைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. பாலிசியில் திருட்டு இருக்கிறதா?

பேங்க் லோனோடு சேர்த்துக் கொடுக்கும் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலும் சாதாரணத் திருட்டுக்குப் பணம் கிடையாது. தீ, வெள்ளம், கலவரம் போன்ற ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பூட்டை உடைத்துத் திருடுவதற்கு பர்க்ளரி கவர் தனியாக வேண்டும். நகைக்கும் தனியாக எழுதியிருக்க வேண்டும். ரொக்கம் பல பாலிசிகளில் சேராது. வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் கவர் இல்லாமல் போகும் என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.

2. கதவைத் தொடாதீர்கள்

பர்க்ளரி பாலிசிகளில் 'பலவந்தமாக நுழைந்து' என்ற நிபந்தனை இருக்கும். அப்படி எழுதியிருந்தால், பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது. எனவே உடைந்த பூட்டு, நெளிந்த கம்பி, நிலைப்படியில் கடப்பாரை பட்ட தடம் எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுங்கள். தாழ்ப்பாளை மாற்றியே தீர வேண்டும் என்றால் பழையதைப் பையில் போட்டு வையுங்கள். அத்தை வீட்டில் ஆசாரி அதைப் பழைய இரும்போடு கொண்டுபோய்விட்டார்.

3. எஃப்ஐஆரில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

எல்லைப்பக்கம் இருப்பவர்களுக்கு மிக முக்கியமான படி இது. நீங்கள் தமிழில் சொன்னாலும் கேரள ஸ்டேஷனில் வாக்குமூலம் (அங்கே அதை 'மொழி' என்பார்கள்) மலையாளத்தில்தான் எழுதப்படும். படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போய், கையெழுத்துப் போடும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'மோஷணம்' என்று மட்டும் இருந்தால் அது வெறும் திருட்டு. கதவை உடைத்து நுழைந்திருந்தால் 'பவனபேதனம்' என்ற சொல்லும் வர வேண்டும். பிரிவு எண்ணையும் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 305 வீட்டுக்குள் நடக்கும் திருட்டு. 331 அத்துமீறியோ உடைத்தோ வீட்டுக்குள் நுழைவது. இரண்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலம். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். நீங்கள் பொள்ளாச்சியில் இருந்து, வீடு கேரளத்தில் இருந்தாலும் பொள்ளாச்சி ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய எஃப்ஐஆர், போடலாம்.

அப்புறம் மகஜர். போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் தாள். எங்களைக் காப்பாற்றியது இதுதான். பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது என்று அதில் தெளிவாக இருந்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு நகல் வாங்கினோம்.

4. கம்பெனிக்கு அன்றைக்கே சொல்லுங்கள்

போனில் சொன்னாலும் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள், தேதி பதிவாகும். தாமதமாகிவிட்டால் மனம் தளர வேண்டாம். எஃப்ஐஆர் உடனே போடப்பட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 2020இல் ஒரு வண்டித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கடிதத்தில் அதை எடுத்துக் காட்டலாம்.

5. பில் இல்லாத நகை

கல்யாணத்தில் போட்ட நகைக்கு யாரிடம் பில் இருக்கிறது? நம் ஊரில் அதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு: பேங்க் நகைக்கடன் சீட்டு. எந்த நகை, எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். அத்தை ஒவ்வொரு விதைப்புக்கும் அடகு வைத்து மீட்டவர்; பழைய சீட்டுகளை அரிசி டின்னில் வைத்திருந்தார். கல்யாண ஆல்பத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். சமீபத்தில் வாங்கிய நகை என்றால் ஹால்மார்க்கில் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கும், இன்றைக்கே குறித்து வையுங்கள்.

6. சர்வேயரும் கையெழுத்தும்

நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் ரிப்போர்ட் நகலைக் கேளுங்கள். தொகை குறைந்திருந்தால் கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் பெறுமான பொருளை 5 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்து, 2 லட்சம் பெறுமானது போனால், பல பாலிசிகளில் 1 லட்சம்தான் கிடைக்கும். இது ஏமாற்று அல்ல, விதி. ஆனால் கணக்கே தவறு என்று தோன்றினால், முழுத் திருப்தி என்ற வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதன்பின் வாதாடுவது கடினம்.

7. மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும், அதன் பீமா பரோசா இணையதளத்திலும் புகார் பதியலாம். ஒரு மாதம் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இவர் எடுக்க மாட்டார், அதனால் முதலில் இங்கே போவதுதான் நல்லது என்பேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

எந்த ஊர் ஆம்புட்ஸ்மேன்? நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தும் போகலாம், கம்பெனியின் கிளை இருக்கும் இடத்தை வைத்தும் போகலாம். கேரளத்துக்குக் கொச்சி, தமிழ்நாட்டுக்குச் சென்னை, ஆந்திரத்துக்கு ஹைதராபாத். அத்தை வீடு கேரளத்தில், பாலிசி எடுத்த கிளை பொள்ளாச்சியில். அத்தைக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதனால் சென்னைக்கே எழுதினோம். மனுவின் மேல் முதல் தாளாக மகஜரை வைத்து, தாழ்ப்பாள் வரியைக் கோடிட்டு, கீழே தமிழில் பொருள் எழுதி அனுப்பினோம். பில்லோ அடகுச் சீட்டோ இருந்த நகைகளுக்குப் பணம் வந்தது. எதிலும் எழுதப்படாத பாட்டியின் காசுமாலைக்கு வரவில்லை.