கார்பனைக் குறைக்க கம்ப்ரசரில் இருந்து தொடங்குங்கள்

ஆலையில் கார்பன் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் சோலார் பேனலுக்குத்தான் போகிறார்கள். நல்லதுதான், ஆனால் முதலில் காற்றுக் குழாய்களைப் பாருங்கள். கம்ப்ரசர் (காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் கருவி) இழுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பயனுள்ள வேலையாகிறது, மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். பராமரிப்பு சரியில்லாத இடங்களில் அந்தக் காற்றிலும் 20, 30 சதவீதம் கசிந்தே தீர்ந்துவிடுகிறது, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

சரி, எப்படி அளப்பது? இயந்திரங்கள் எல்லாம் நிற்கும் நேரத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, லோடில் (காற்றை அழுத்தும்போது) எத்தனை நொடி, அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுழலும்போது) எத்தனை நொடி என்று ஐந்தாறு சுற்று குறித்துக்கொள்ளுங்கள் (வேகம் மாறாத வகைக்குத்தான் இந்தக் கணக்கு). லோடு 30, அன்லோடு 90 என்றால் 30-ஐ 120-ஆல் வகுங்கள். 25 சதவீதம், அதாவது கம்ப்ரசர் திறனில் கால்பங்கு ஓட்டை வழியே போகிறது.

அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக இணைப்புகள், ஹோஸ் கிளாம்ப், ரெகுலேட்டர் என ஒவ்வொன்றாகத் தடவி, நுரை பொங்கும் இடத்தில் அடையாள அட்டை கட்டுங்கள். கையால் மட்டும் தடவித் தேடாதீர்கள், காயப்படும். அடைத்து முடித்ததும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், 7 பார் அழுத்தத்தை ஒட்டி ஓடும் அமைப்பில் 1 பார் குறைந்தாலே சுமார் 7 சதவீத மின்சாரம் மிச்சம். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், புதுக் கசிவுகள் வந்திருக்கும்.