வெயிலில் மயங்கியவருக்கு முதலில் செய்ய வேண்டியது

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர், கரூர், திருத்தணி பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம்தான். உடம்பின் உள்வெப்பமும் 40 டிகிரிக்கு மேல் ஏறி, மூளை தடுமாறத் தொடங்கினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல் பழுதாகும், உயிரே போகலாம்.

சாதாரண வெயில் களைப்பில் தலை சுற்றும், குமட்டும், ஆனால் ஆள் தெளிவாகப் பேசுவார். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். தோல் வறண்டால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள். கட்டட வேலை, வயல் வேலை செய்பவர்களுக்கு வியர்வை கொட்டும்போதே இது வந்துவிடும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை, இது காய்ச்சல் அல்ல.

அப்புறம், பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.